பரணில் தொங்கிய முடிச்சு

அத்தியாயம் 6

மண் சரிந்த சத்தம் கேட்டபோது எங்கள் ஜீப் பூம்பாறைக்கு இரண்டு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். சற்று முன் நாங்கள் கடந்து வந்த ரோட்டைக் காணோம். அந்த இடத்தில் வேரோடு ஒரு யூகலிப்டஸ் மரமும், நாலு லாரி நிரம்பும் அளவுக்குச் செம்மண்ணும் கிடந்தன.

"ஒரு நிமிசம் பிந்தியிருந்தோம்னா நம்ம சோலி முடிஞ்சிருக்கும்க்கா" என்றான் ஜீப்பை ஓட்டிய முகேஷ்.

"ஒரு மணி நேரம் முந்தி விழுந்திருந்தா நாங்க கொடைக்கானல்லயே சூடா பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்திருப்போம்" என்றேன்.

பின்சீட்டில் பொன்னுவேல் அண்ணன் குரங்குக் குல்லாவுக்குள் ஒளிந்திருந்தார். துப்பறிவாளர் என்றால் கோட்டு, தொப்பி என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் டிபார்ட்மென்டில் கம்பம் ஏறிய லைன்மேன் அவர். எந்த ஒயர் எந்த வீட்டுக்குள் போகிறது என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். வேலையை விட்டபின் திண்டுக்கல்லில் ஒரு மாடிப்படிக்கு அடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார்.

நான் லீலா, அவருடைய உதவியாளர். முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். அதை செல்போன் விழுங்கியது. பிறகு பிரௌசிங் சென்டர் வைத்தேன். ஆளாளுக்கு வீட்டிலேயே கனெக்‌ஷன் வாங்கி அதையும் விழுங்கினார்கள். அடுத்து என்னையே யாராவது விழுங்குவதற்குள் அண்ணன் வேலைக்குக் கூப்பிட்டார்.

வந்த விஷயம் இதுதான். முகேஷின் அத்தை வீரம்மாள் பூம்பாறையில் பூண்டு விவசாயி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் அவர் மகள் ரம்யா, போன வருடம், 2007-இல், அந்த அறைகளுக்கு ஒரு வெப்சைட் போட்டாள். மெயில் அனுப்பினால் ரூம் புக் ஆகும். நடுவில் புரோக்கர் கிடையாது.

நேற்று சாயங்காலம் மூன்று குடும்பங்கள் மூன்று காரில் வந்து இறங்கி, அதே இரண்டு அறைகளுக்கு, அதே தேதிக்கு, மூன்று பிரிண்ட் அவுட்டை நீட்டியிருக்கின்றன. மூன்றும் ரம்யாவின் மெயிலிலிருந்தே போயிருந்தன. நேற்று ராத்திரியே எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்து, தான் ஒன்றைக்கூட அனுப்பவில்லை என்று அவள் அழுதாள். அட்வான்ஸ் போய்ச் சேர்ந்த பேங்க் கணக்கு வீரம்மாள் பெயரில் இருந்தது. அந்த பேங்கின் படியை வீரம்மாள் மிதித்ததுகூட இல்லையாம்.

"போலீசு எப்ப வருதாம்?" என்று கேட்டேன்.

"காலையில வர்றேன்னாக. இனிமே ஜே.சி.பி. வந்து மண்ண அள்ளுனாத்தான். நாலு மணியாயிரும்" என்றான் முகேஷ். பிறகு, யாரும் கேட்காமலே பேசினான். "எட்டு வருசம் ஏரிக்கரையில ரூம் புரோக்கரா இருந்தேங்கா. கார் வந்தா பின்னாடியே ஓடுவோம். 'ரூம் வேணுமா சார், ஹாட் வாட்டர் இருக்கு சார்'னு. இப்ப எவனும் கண்ணாடிய எறக்குறதில்ல. உள்ளருந்து பிரிண்ட் அவுட்டக் காட்டிட்டுப் போயிர்றான்."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் ஜாதிதான், இண்டர்நெட் தின்று துப்பிய ஜாதி.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. என் ஸ்வெட்டர் இருந்த பை மேலே கேரியரில், தார்ப்பாய்க்கு அடியில் கட்டிக்கிடந்தது. சக்கரத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். இழுக்க இழுக்க இறுகியது. வலது கை நகம் ஒன்று ஒடிந்ததுதான் மிச்சம்.

"விடுங்கக்கா, அப்புறமா நான் அவுத்துத் தாரேன்" என்று முகேஷ் உள்ளே போய்விட்டான். நான் நடுங்கிக்கொண்டே பின்னால் போனேன்.

வீடு முழுக்க ஆட்கள். மூன்று குடும்பங்களின் பெட்டிகள், ஈரத் துணிகள், அழும் குழந்தைகள். ஒரு உள்ளறைக் கதவில் பூட்டு தொங்கியது. கதவை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்போடு முப்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாவி அவர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. டேக்கோடு தொங்கியது.

"ஐ ஆம் மதன். சென்னை, சாஃப்ட்வேர்" என்றார். "நேத்து ஈவினிங் ஆறு மணிலேர்ந்து அந்த அம்மாவை உள்ளே வச்சிருக்கோம். பாத்ரூம் போனாக்கூட என் ஒய்ஃப் கூடப் போவாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் வெளியே விட மாட்டோம்."

"நல்லது. காவலுக்கு ராத்திரியும் நீங்கதானா?" என்றார் அண்ணன்.

"கண்ணு மூடலை சார்."

"ரொம்ப நல்லது" என்று அண்ணன் இன்னொரு தரம் சொன்னார். பூட்டி வைத்ததை எதற்குப் பாராட்டுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

மதன் எங்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். கதவைத் திறந்துவிட்டு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார்.

அது விதைப்பூண்டு வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் வீரம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சும்மா இருக்க முடியாத கை. தளர்ந்துபோன கட்டு ஒவ்வொன்றையும் அவிழ்த்து, நாரால் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க. ஒக்காரச் சொல்லக்கூட எடமில்ல" என்றார். "ஊரே மதிலுக்கு வெளிய நின்னு பாக்குதுங்க. நேத்து வரைக்கும் எங்கிட்டப் பூண்டு கேட்டு வந்தவக எல்லாம். போலீசு ஜீப்புல என்னய ஏத்திட்டாகன்னா நான் திரும்ப இந்த ஊருக்குள்ள வரமாட்டேன். எங்கிட்டாச்சும் போயிருவேன். எம் மகளுக்கு மட்டும் ஒரு சொல்லும் வராம பாத்துக்கங்க."

அவர் கட்டி வைத்த கட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். "ஒவ்வொரு கட்டும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கே அத்தை" என்றேன்.

"இது இந்த வீட்டு முடிச்சு தாயி. மூணு சுத்து, எடப்பக்கம் மடிப்பு. எல்லா வீட்டுப் பூண்டும் ஒரே லாரியிலதான் வடுகபட்டி சந்தைக்குப் போகும். அங்க எறக்குறப்ப யாரு கட்டு எதுன்னு முடிச்சப் பாத்துத்தான் பிரிப்பாக. வீட்டுக்கு வீடு வேற." கையைக் காட்டினார். "கட்டிக்கிட்டு வந்த புதுசுல என் கை பொறந்த வீட்டு முடிச்சத்தான் போடும். மாமியா கையிலயே ஒரு தட்டு தட்டி மாத்துனாக. ரெண்டு வருசமாச்சு மாறுறதுக்கு."

அண்ணன் இடையில் புகுந்தார். "ரேசன் கார்டு ஜெராக்ஸ், போட்டோ யாருகிட்டயாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"கேஸ் கனெக்சனுக்கு, மகளிர் குழுவுக்கு, தாலுகா ஆபீசுக்கு. எட்டு எடத்துல குடுத்திருப்பேன். கையெழுத்து போடுன்னா போடுவேன்."

"மெயிலோட பாஸ்வேர்டு?"

"அதென்ன?"

"ரம்யா இங்கிலீசுல எழுதிக் குடுத்திருப்பாளே."

"ஆமா, ஒரு காயிதம். மூணு வரி. பத்திரமா வச்சுக்கன்னு சொன்னா. பொட்டிக்குள்ளதான் கெடக்கு. ஒருக்கா போர்டு எழுதுறவருகிட்ட குடுத்தேன், எழுதி முடிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

அண்ணனின் குல்லா மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"எத்தன வரிய எழுதச் சொன்னீங்க?"

"எனக்கென்னங்க தெரியும். காயிதத்துல உள்ளத அப்படியே எழுதிருங்கன்னேன்."

"டைம் அப்" என்றார் மதன். பூட்டு விழுந்தது.

நாங்கள் வெளியே வரும்போது முகேஷ் அடுப்படியில் இருந்தான். வீரம்மாளை அடுப்படிக்குள் விடக்கூடாது என்று மதன் சட்டம் போட்டிருந்ததால், எல்லோருக்கும் டீ போடும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். விறகுப் புகையில் கண் கரித்தது. விடியற்காலையிலிருந்து மூன்று குடும்பத்துக்கும் குளிக்க வெந்நீர் அதே அடுப்பில்தான் காய்ந்திருக்கிறது. மேலே பரணில் நூற்றுக்கணக்கான பூண்டுக் கட்டுகள் புகை பிடித்துத் தொங்கின. பக்கத்துக் கொடியில் ஒரு துண்டு காய்ந்தது.

"உங்க துண்டா சார்?" என்று மதனிடம் கேட்டார் அண்ணன்.

"யெஸ். காலையில அஞ்சரைக்குப் போட்டேன். புது வொயிட் டவல். பாருங்க, டீ வடிகட்டுன துணி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கும் சேத்துக் கம்ப்ளெயின்ட் எழுதப் போறேன்."

பனிமூட்டம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதற்குள் நுழைந்து பஸ் நிற்கும் வளைவுக்கு நடந்தோம். தூரத்தில் ஜே.சி.பி. உறுமத் தொடங்கியிருந்தது.

போர்டு பச்சையில் பளிச்சென்று நின்றது. பூண்டுக் கட்டுப் படம், 'வீரம்மாள் பண்ணை வீடு', கீழே முதல் வரியில் வெப்சைட் முகவரி, இரண்டாவது வரியில் மெயில் முகவரி. அதற்குக் கீழே நீளவாக்கில் கிழித்து ஒட்டிய ஒரு திருவிழா நோட்டீஸ்.

"உரிச்சுப் பாரு லீலா."

ஒடிந்த நகத்தோடு உரித்தேன். திருவிழாவுக்கு அடியில் ஒரு காதுகுத்து. காதுகுத்துக்கு அடியில் ஒரு வாலிபால் போட்டி. வாலிபாலுக்கு அடியில், வெள்ளைப் பெயின்டில், கொட்டை எழுத்தில், ரம்யாவின் பெயரும் பிறந்த வருடமும் ஆங்கிலத்தில்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அண்ணே, பாஸ்வேர்டு! பூங்கொத்து வேற வரைஞ்சிருக்காரு பெயின்டரு. உலகத்துலயே மூணு மைலுக்கு அந்தப் பக்கத்துலருந்து தெரியற பாஸ்வேர்டு இது ஒண்ணுதான்."

அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பஸ் ஸ்டாப் சுவரைக் காட்டினார். நீளமான, வெறும் சுவர். "இத்தன பெரிய சொவரு சும்மா கெடக்கு. போஸ்டர் ஒட்டுறவன் இந்த நாலு வெரல் அகல எடத்துல வந்து ஒட்டுவானா? மேல் ரெண்டு வரியில பசைகூடப் படல. மழையில கிழியக் கிழிய, மூணு தடவ வந்து மூடியிருக்கான்."

"மத்தவன் கண்ணுல படக்கூடாதுன்னு."

"ஆமா. அவனுக்கு மட்டும் வேணும். இந்த ரோட்டுல தெனம் போய்வர்றவன். எழுதியிருக்கறது என்னன்னு பாத்த ஒடனே புரிஞ்சவன்."

நான் விரல்விட்டு எண்ணினேன். பஸ் கண்டக்டர், காய்கறி லாரி டிரைவர்கள், ஜீப்காரர்கள், கொடைக்கானலில் படிக்கிற பிள்ளைகள். ஐம்பது பேரைத் தாண்டியது.

"ரம்யா வாரத்துக்கு ஒரு நாள்தான் மெயில் பாக்குறாளாம்" என்றேன். "அதுக்குள்ள அவன் தெனம் பாத்துட்டுப் பதிலப் போட்டு, வந்ததையும் போனதையும் அழிச்சிடுறான். அவளுக்கு வர்றது பூரா காலிப் பொட்டி. வெப்சைட் போட்டே பிரயோசனமில்லைன்னு எங்கிட்டக்கூட ஃபீல் பண்ணாண்ணே. அதுசரி, ஒரே ரூம மூணு பேருக்கு வித்தா மாட்டிக்குவோம்னு தெரியாதா அவனுக்கு?"

"தெரியும். வழியிலயே மறிச்சு ரெண்டு பேர வேற ரூமுக்குத் தள்ளிவிட ஏற்பாடு வச்சிருந்திருப்பான். இந்தத் தடவ மூணு பேரும் எப்படி நேரா வந்து நின்னாக?"

என் மூளையில் பல்பு எரிந்தது. "மேப்பு! போன மாசம்தான் ரம்யா சைட்டுல மேப்பு போட்டா. வாசல் வரைக்கும் வழி காட்டும். எவனும் யாருகிட்டயும் வழி கேக்க வேண்டியதில்ல."

"அப்ப அவன் பொழப்பே வழி சொல்றதுதான்" என்றார் அண்ணன்.

அந்த வார்த்தையை நான் நின்று யோசித்திருக்க வேண்டும். குளிரில் யோசனை ஓடவில்லை. அதோடு, வீட்டுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

ஓடினோம். அடுப்படியில் மூன்று குடும்பமும் நெருக்கிக்கொண்டு நின்றன. மதன் கையில் ஒரு பூண்டுக் கட்டு, இன்னொரு கையில் ஒரு ஏ.டி.எம். கார்டு. அதில் வீரம்மாள் பெயர்.

"ப்ரூஃப்!" என்று கத்தினார். "போலீஸ் வந்தா எப்படியும் தேடுவாங்க, நாமளே ஒரு தடவை பாத்துடலாம்னு இந்தத் தம்பி சொல்லுச்சு. பரண்ல, கட்டுக்குள்ள சொருகி வச்சிருக்கா சார் அந்த அம்மா. பேங்க் படி மிதிக்கலையாம். படி மிதிக்காம கார்டு நடந்தா வந்துச்சு?"

முகேஷ் தலையைக் குனிந்து நின்றான். "எங்க அத்தை இப்படிப் பண்ணுவாகன்னு நான் நெனக்கலங்க" என்று முனகினான்.

அண்ணன் அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தார். பரணில் தொங்கிய மற்றக் கட்டுகளைப் பார்த்தார். வீரம்மாளை அழைத்து வரச் சொன்னார்.

மதனின் மனைவி அவரைக் கூட்டி வந்தார். மதன் வீரம்மாள் முகத்துக்கு நேரே கார்டை நீட்டினார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கார்டைப் பார்க்கவில்லை. அண்ணன் கையில் இருந்த பூண்டுக் கட்டைப் பார்த்தார். அதன் முடிச்சைப் பார்த்தார். அவர் உதடு நடுங்கி, பிறகு இறுகிக்கொண்டது.

"நாந்தான் வச்சேன்" என்றார்.

மதன் நீட்டிய கார்டை இறக்கினார்.

"அத்தை!" என்றேன்.

"நாந்தான் தாயி. பேங்குல நாந்தான் போட்டேன். எல்லாம் நாந்தான். போலீசு வரட்டும், போறேன்."

இவ்வளவு தூரம் வந்து, மண்சரிவில் தப்பி, குளிரில் விறைத்து, கடைசியில் நாங்கள் காப்பாற்ற வந்தவரே கையை நீட்டி விலங்கைக் கேட்கிறார். ஜே.சி.பி. சத்தம் ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது. மணி மூன்றே முக்கால்.

"எப்ப வச்சீங்கம்மா?" என்றார் அண்ணன், டீ சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரலில்.

"முந்தாநாளு."

அண்ணன் பரணுக்குக் கையை நீட்டி ஒரு கட்டைத் தொட்டார். விரலைக் காட்டினார். கறுப்பு. மதன் கண்டெடுத்த கட்டின் நாரைத் தொட்டு, விரலைக் காட்டினார். சுத்தம். நார் வெளேரென்று இருந்தது.

"மதன் சார், உங்க துண்ட எடுங்க. காலையில அஞ்சரைக்குப் போட்டது. இத்தன மணி நேரப் புகையில டீ வடிகட்டுன துணியாயிருச்சு. முந்தாநாளு கட்டுன நாரு மட்டும் எப்படி வெள்ளையா இருக்கும்?"

மதன் துண்டையும் நாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கட்டை அவுத்து, கார்ட உள்ள வச்சு, புது நாருல கட்டுனது இன்னிக்கு. அதுவும் இப்ப கொஞ்ச நேரத்துக்கு முந்தி. நேத்து ஆறு மணியிலருந்து இந்தம்மா எங்க இருந்தாக?"

"உள்ளே... பூட்டி..." மதன் குரல் இறங்கியது.

"கண்ணு மூடாமக் காவல் இருந்தீங்க. பாத்ரூமுக்குக்கூட உங்க வீட்டம்மா கூடப் போனாக. இதுக்கு மேல ஒரு சாட்சி எந்தக் கோர்ட்டுலயும் கெடைக்காது. நீங்க போட்ட பூட்டுதான் சார் இவங்களக் காப்பாத்தியிருக்கு."

"அப்ப ஏன் நான்தான்னு சொல்றாங்க?"

"அத முடிச்சுகிட்ட கேக்கணும்." அண்ணன் கட்டை உயர்த்தினார். "பரண்ல தொங்குறதெல்லாம் மூணு சுத்து, எடப்பக்கம் மடிப்பு. இது ரெண்டே சுத்து. நுனிய உள்ள குடுத்துத் திருகியிருக்கு. வேற வீட்டு முடிச்சு. வீட்டுக்கு வீடு வேறன்னு இவங்களே சொன்னாக."

முகேஷ் முதல் முறையாக நிமிர்ந்தான். "அது அத்தை பொறந்த வீட்டு முடிச்சுங்க. அவுகளுக்குப் போடத் தெரியும்."

"தெரியும். கை பழகுனதத்தான் போடும். ஆனா அவங்க கை உள்ள இருந்துச்சு. பூட்டுக்குள்ள." அண்ணன் என்னைப் பார்த்தார். "லீலா, உன் நகம் எதுல ஒடஞ்சது?"

வாசலுக்கு ஓடினேன். ஜீப் கேரியரில் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தேன். நைலான் கயிறு. இரண்டு சுற்று. நுனியை உள்ளே கொடுத்துத் திருகி. காலையில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில், பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே அவன் போட்ட முடிச்சு.

திரும்பி வந்து தலையை ஆட்டினேன்.

முகேஷ் பின்வாசல் வழியாகப் பாய்ந்தான். யாரும் துரத்தவில்லை. மேலே காடு, கீழே பள்ளம், ரோட்டின் ஒரே வாயில் மண். அந்த மண்ணுக்கு மறுபக்கம் போலீஸ். பனிமூட்டத்துக்குள் ஐம்பதடி ஓடியவன் பூண்டு வயலின் வரப்பில் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வீரம்மாள்தான் முதலில் அவனிடம் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"கேஸ் கனெக்சனுக்குன்னு கையெழுத்து வாங்குனியே, அது பேங்குக்காடா?" என்றார்.

அவன் தலையை ஆட்டினான். "ஏரிக்கரையிலயே ரெண்டு காரையும் மறிச்சு வேற ரூமுல விட்டிருப்பேன் அத்தை. உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எப்பவும் அப்படித்தான் பண்ணேன். இந்தத் தடவ அவங்க நிக்கவே இல்ல."

"இன்னிக்கு அந்தக் கார்ட எம் பரண்ல வச்சியே. அதுவும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா?"

அவன் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். "பயந்துட்டேன். போலீசு வருதுன்னதும் பையில அது நெருப்பா சுட்டுச்சு. கம்ப்யூட்டர் வந்து எம் பொழப்பத் தின்னுருச்சு அத்தை. நானும் அதத் திங்கலாம்னு பாத்தேன்."

வீரம்மாள் நின்றுகொண்டே அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு.

"ஏலே, அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியுமா? வர்ற மெயிலப் பாக்க ஆளில்லாம எம் மக வாரம் பூரா வேலை பாத்துட்டு ஞாயித்துக்கெழம கண்ணு வலிக்க ஒக்காந்திருக்கா. 'எனக்கு இது தெரியும் அத்தை'ன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீயே பாத்துக்கடான்னு அம்புட்டையும் உங்கையில குடுத்திருப்பேனே. எங்கண்ணன் மகன விட்டா எனக்கு யாருலே இருக்கா?"

எனக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாக ஒரு பயம் வந்தது. என் பிரௌசிங் சென்டரை மூடிய மாதத்தில், யாராவது ஒரு போர்டில் பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நாலே கால் மணிக்கு ஜே.சி.பி. நின்றது. போலீஸ் ஜீப் வந்தது. மதன் முந்திக்கொண்டு போய், எல்லாவற்றையும் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். துண்டையும் நாரையும் சாட்சியாக அவரே காட்டினார். பிறகு கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி வீரம்மாள் கையில் வைத்தார்.

முகேஷை ஏற்றும்போது மதிலுக்கு வெளியே ஊர் நின்று பார்த்தது. வீரம்மாள் அவன் பக்கத்தில் போய், அவன் சட்டையில் ஒட்டியிருந்த வயல் மண்ணைத் தட்டிவிட்டார்.

போலீஸ் ஜீப் வளைவில் மறைந்தது. பனியும் குளிரும் அப்படியே இருந்தன. என் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"ஏந்தாயி, இந்தக் குளிருல சொட்டர் போடலையா?"

"மேல மாட்டிக்கிட்டு இருக்கு அத்தை. கயிறு அவுக்க வரல. கத்தி இருந்தா அறுத்துடலாம்."

"கயித்த எதுக்கு அறுக்கணும்?"

வீரம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முகேஷின் ஜீப் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். முடிச்சைப் பார்க்கக்கூட இல்லை. அவர் கண் ரோட்டு வளைவில் இருந்தது. விரல் தானாகப் போய் நுனியைத் தேடி, ஒரே இழுப்பு. கயிறு முழுக்கக் கழன்று விழுந்தது.

பையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"முப்பது வருசமாச்சு" என்றார். "இந்தக் கை இன்னும் மறக்கல பாருங்க."

கயிற்றைச் சுருட்டினார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.